எந்த 2019?

"மாமா, 2019 மாடல் க்ரெட்டா ஒண்ணு வருது. டீசல், சிங்கிள் ஓனர். போட்டோ பாருங்க" என்று போனை நீட்டினான் அக்கா மகன். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். திரும்பிப் போவதற்குள் அப்பா அம்மாவுக்கு ஒரு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. அவன் அப்பாவுக்கு மூட்டுவலி. தாழ்வான காரில் குனிந்து உட்கார்ந்து எழுந்திருக்க அவரால் ஆகாது. உட்காரும் இடம் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் அடி தட்டக் கூடாது. இந்த இரண்டும்தான் தேவை.

"எந்த 2019, மாப்ள?" என்றேன்.

"2019னா 2019தான மாமா?"

டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இதை அவசரமாகச் சொல்ல முடியாது.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று வண்டி தயாரான மாதமும் வருடமும். இன்னொன்று பதிவான நாள். புரோக்கர் சொல்வது எப்போதும் இரண்டில் எது பிந்தியதோ அது. 2018 நவம்பரில் தொழிற்சாலையை விட்டு வந்து, ஷோரூம் கொட்டகையில் மூன்று மாதம் நின்று, வருடக் கடைசித் தள்ளுபடியில் பேசி முடித்து, 2019 பிப்ரவரியில் ரோட்டுக்கு வந்த வண்டியும் சந்தையில் '2019 மாடல்'தான். விலையில் ஒரு வருட வித்தியாசம் என்பது பேரத்துக்கு உதவும், அவ்வளவே. எனக்கு அதைவிட முக்கியம் வேறு: அந்தத் தயாரிப்பு மாதம் எந்த மாற்றத்துக்கு முன்னால் வருகிறது, எதற்குப் பின்னால் வருகிறது என்பது. பழைய வண்டியின் வயதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊரில் ஒரு காரின் உள்ளடக்கத்தை மாற்றியது பெரும்பாலும் கம்பெனிக்காரனின் ஆசை இல்லை, சட்டம். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.4. 2019 ஜூலை 1 முதல் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கும் ஒலி, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் எல்லா காரிலும் கட்டாயம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. 2021 கடைசியில் முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் கட்டாயமானது. 2023 ஏப்ரலில் புகைச் சட்டத்தின் இரண்டாம் கட்டம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களும் அப்போதிருந்துதான். ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தை இந்தத் தேதிகளோடு ஒட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இதில் 2020 ஏப்ரல்தான் பெரிய சுவர். டீசல் வண்டி வாங்குகிறவர் இந்தச் சுவரின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் பணம் கட்டக் கூடாது. பி.எஸ்.6 டீசலில் புகைக் குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி உண்டு. கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடி, புகையின் சூடு 600 டிகிரி பக்கம் ஏறும்போது அந்தக் கரியை அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாரம் இரண்டு தடவை போய் வருகிற ஆளுக்கு இது ஒரு தொந்தரவே இல்லை. அப்படி ஒரு சாமான் இருப்பதே அவருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து பள்ளிக்கூடம் என்று மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் சுற்றுகிறவரின் வண்டியில் சூடு ஏறவே ஏறாது. கரி அடைத்து, மஞ்சள் விளக்கு எரிந்து, கடைசியில் சர்வீஸ் சென்டரில் பெரிய பில்லாக வந்து நிற்கும்.

"அத்தான் எங்கெங்க போவாரு?" என்று கேட்டேன்.

"கடைக்கு, கோயிலுக்கு. மாசம் ஒரு தடவ தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. கல்யாணம் காட்சின்னா புதுக்கோட்டை."

அப்படியென்றால் பி.எஸ்.6 டீசல் அவருக்கு ஆகாது. ஒன்று 2020 மார்ச்சுக்கு முந்தைய பி.எஸ்.4 டீசல்; இல்லாவிட்டால் பெட்ரோல். இங்கே ஒரு கண்ணி உண்டு. பி.எஸ்.4 வண்டிகளை 2020 மார்ச் 31க்குள் விற்றுப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2018லேயே சொன்னது. அதனால் அந்த முதல் மூன்று மாதத்தில் கையிருப்பைத் தள்ளுபடியில் தள்ளினார்கள். '2020 மாடல்' என்று வருகிற வண்டி பி.எஸ்.4 ஆகவும் இருக்கலாம், பி.எஸ்.6 ஆகவும் இருக்கலாம். ஆர்.சி.யிலேயே அது அச்சாகியிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

பெட்ரோல் என்றால் 2023 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுவது எத்தனால் 20 சதவீதம் கலந்தது. பத்து சதவீதக் கலவைக்கென்று அமைத்த பழைய காரில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. வண்டி நின்றுவிடாது. பெட்ரோல் குழாய், ரப்பர் சீல் போன்றவற்றைச் சர்வீஸில் கவனித்து மாற்ற வேண்டி வரும். அதற்காக 2023க்கு முந்தைய பெட்ரோல் வண்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விலையில் அதைக் கழித்துக் கேட்பேன்.

இனி வண்டிகள். போலேரோவும் ஸ்கார்ப்பியோவும் லாரி போல தனிச் சட்டத்தின் மேல் உடம்பை ஏற்றி வைத்தவை. நாம் பேசுவது க்ராஸ்ஓவர்: உள்ளே கார், வெளியே ஜீப்பின் உயரம். தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடைவெளி க்ரெட்டாவில் 190 மில்லிமீட்டர், பிரெஸ்ஸாவில் 198, டஸ்டரில் 205. நம் பாதைக்கு இது எதுவும் போதும்.

மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 2016 மார்ச்சில் வந்தது. நான்கு வருடம் டீசல் மட்டும். அந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சின்தான் ஸ்விஃப்டிலும் டிசையரிலும் எர்டிகாவிலும் ஓடியது. இந்த ரோட்டில் வாடகைக்கு ஓடிய டிசையர்களைப் பிரித்துப் பிரித்து மாட்டிய கைகள் ஒவ்வொரு ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கின்றன. ராத்திரி எட்டு மணிக்கு வண்டி நின்றாலும் அதைப் புரிந்துகொள்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பார் என்பது சின்ன ஊரில் பெரிய விஷயம். இதில் 2018 மே மாதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் கீழ் வேரியன்ட்களில் எல்லாப் பாதுகாப்பும் கிடையாது. அந்த மாதத்திலிருந்து இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் எல்லா வேரியன்ட்டிலும் வந்தன. அதே வருடம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆக 2018 நடுவிலிருந்து 2019 முடிய வந்த டீசல் பிரெஸ்ஸா, என் கணக்கில் இந்த வட்டாரத்துக்கு அதிகம் வேலை வைக்காத வண்டி. 2020 பிப்ரவரிக்குப் பிறகு அது பெட்ரோல் மட்டும்.

தயாரிப்பு மாதம் ஏன் முக்கியம் என்பதற்கு டாடா நெக்ஸான் இன்னும் நல்ல சான்று. 2017 செப்டம்பரில் வந்தது. 2018 ஆகஸ்ட்டில் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம். சில திருத்தங்களுக்குப் பிறகு அதே டிசம்பரில் மறுபடி சோதித்தபோது ஐந்து. முகம் ஒன்று, பெயர் ஒன்று. நடுவில் நான்கு மாதம்தான். 2018 நெக்ஸான் என்று ஒருவர் சொன்னால் எந்த மாதம் என்று கேட்பது குதர்க்கம் இல்லை. ஒரு மாடல் வெளிவந்த முதல் வருடத்து வண்டியை நான் பொதுவாகவே தவிர்ப்பேன். கதவு சத்தம், ஸ்கிரீன் உறைந்து போவது, அங்கங்கே தட்டுப்படுகிற சின்னச் சின்னக் கோளாறுகள் எல்லாம் தீர ஒரு வருடமாவது பிடிக்கும். அந்தப் பாடத்தின் செலவை முதலில் வாங்கியவரே கட்டட்டும்.

க்ரெட்டா 2015 ஜூலையில் வந்தது. 2018 மே மாதம் முகம் மாறியது. 2020 மார்ச்சில் முழுக்கப் புது வண்டி. மருமகன் பார்த்தது முதல் தலைமுறையின் கடைசிக் காலத்து வண்டி; 1.6 லிட்டர் டீசல், 128 குதிரைத்திறன், பி.எஸ்.4. தேர்வு தப்பில்லை. மூன்று நான்கு வருடம் ஓட்டிப் பார்த்துத் திருத்திய எஞ்சின், டி.பி.எஃப். தொல்லையும் கிடையாது. ஆனால் சென்னை, கோயம்புத்தூர்க்காரர்களும் இதையே தேடுவதால் விலை இறங்கவே இறங்காது.

டஸ்டர் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு, மறைக்க மாட்டேன். 2012 ஜூலையில் வந்தது, சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்தில் செய்தார்கள். மேடு பள்ளத்தில் அதன் சஸ்பென்ஷனுக்கு ஈடாக அந்த விலையில் எதையும் நான் ஓட்டியதில்லை. டீசல் 2020ல் நின்றது. அந்த 1.5 எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. குறித்த காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் இடித்து எஞ்சினே போகும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவைப் பேரத்தில் கழிக்க வேண்டும். ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் மறைமலைநகர்ப் பிள்ளை. 2013ல் வந்தது, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் பாகமும் இன்னும் உண்டு. 2017 நவம்பருக்குப் பிந்தைய டீசல் என்றால் பார்க்கலாம். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோலை மட்டும் தவிர்க்கவும். கூலன்ட் குறைவதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் தாங்காது. சர்வீஸுக்குத் தஞ்சாவூர் அல்லது திருச்சி போக வேண்டிய ஊரில் அந்த ஜாக்கிரதை எல்லாருக்கும் வராது.

செல்டோஸ், வென்யூ, சோனெட் எல்லாம் 2019லும் 2020லும் வந்தவை. பெட்ரோல் மேனுவல் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். செல்டோஸில் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வந்தது 2022 ஆகஸ்ட்டில். பாதுகாப்பு பார்க்கிறவர் அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் விலை ஏன் வேறு என்பதைப் புரிந்துகொள்வார்.

"சரி மாமா, வருஷம் சரியா இருந்தா போதுமா?"

போதாது. தயாரிப்புத் தேதி இன்னொரு வேலைக்கும் உதவும். கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்த வண்டிகள் உண்டு. மாருதி 2021ல் 1,81,754 பெட்ரோல் வண்டிகளை அழைத்தது. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை, அதில் பெட்ரோல் விட்டாரா பிரெஸ்ஸாவும் சேர்த்தி. 2022 டிசம்பர் 8க்கும் 2023 ஜனவரி 12க்கும் நடுவில் தயாரான 17,362 வண்டிகளை ஏர்பேக் கன்ட்ரோலரை மாற்றித் தர அழைத்தது. அதில் பிரெஸ்ஸாவும் கிராண்ட் விட்டாராவும் இருந்தன. ஐந்தே வாரத்துத் தயாரிப்பு. சேஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அந்த வேலை முடிந்ததா என்று சொல்லும். முடியவில்லை என்றால் இலவசமாகவே செய்து தருவார்கள்.

அப்புறம் வண்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3219 என்றால் 2019ன் 32ஆம் வாரத்தில் செய்த டயர். 2019 வண்டி, மீட்டரில் 28 ஆயிரம் கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் 2022ல் செய்தவை என்றால் கேள்வி கேட்க வேண்டும். 28 ஆயிரத்தில் யாரும் நான்கு டயரையும் மாற்றுவதில்லை. மீட்டரைத் திருப்புவது இன்று லேப்டாப் வேலை. பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கின் வழுவழுப்பும் அப்படிச் சுலபமாகத் திரும்பாது. டிக்கியில் ஸ்டெப்னியின் தேதியையும் பார்க்கவும். மற்ற டயர்கள் மாறினாலும் அது பெரும்பாலும் வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும்.

சென்னை வண்டி என்றால் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கார்கள் கூரை வரை மூழ்கின. முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டி ஏலத்தில் போய், சீட் துணி மாற்றி, வாசனை திரவியம் அடித்து, வெள்ளத்தையே பார்க்காத ஊருக்கு வந்து சேரும். அதற்கு நான் செய்வது ஒன்றே ஒன்று. முன் சீட் பெல்ட்டை மெதுவாக, நிற்கும் வரை, முழுக்க இழுப்பேன். தினமும் நாம் இழுப்பது அதில் பாதிதான். மீதிப் பாதி தூணுக்குள் சுருண்டே கிடக்கும்; கழுவுகிறவர் கைக்கும் அது எட்டாது. அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு, விரலில் ஒட்டும் மண், அல்லது திட்டுத் திட்டான கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் பல சமயம் தயாரிப்புத் தேதியும் இருக்கும். அது வண்டியின் தேதியை விடப் பிந்தியது என்றால் பெல்ட் மாற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்கவும். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்க்ரூ தலைகளில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இருக்காது.

நம் பக்கத்து வண்டிக்கு வேறு சோதனை. 2018 நவம்பர் 16 கஜா புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. முந்திரித் தோப்பும் தென்னையும் சாய்ந்த அந்த ராத்திரி, மரத்தடியில் நின்ற வண்டிகள் மேலும் கிளை விழுந்தது. 2018க்கு முந்தைய தஞ்சாவூர், புதுக்கோட்டை வண்டி என்றால் கூரையைப் பார்க்கவும். பக்கத்தில் நின்று வெயில் சாய்வாக விழும்படி பார்த்தால் பட்டி பார்த்த இடம் அலை அலையாகத் தெரியும். கதவு ரப்பரைச் சற்று விலக்கினால் அதன் அடியில் பெயின்ட் ஓரம் இரண்டு நிறமாக நிற்கும். கூரை மாற்றிய வண்டி ஓடாது என்றில்லை. ஆனால் கூரையும் தூணும் சேர்ந்துதான் கவிழும்போது ஆளைக் காப்பாற்ற வேண்டும். அந்த வண்டியை நான் வாங்க மாட்டேன்.

டெல்லி நம்பர் வண்டி மலிவாக வரும். அங்கே பத்து வருட டீசலுக்குத் தடை போட்டிருந்ததால் எட்டு, ஒன்பது வயதில் தெற்கே தள்ளிவிட்டார்கள். காரைக்கால் பி.ஒய்.02 வண்டியும் அப்படித்தான் சல்லிசாகத் தோன்றும். வேறு மாநில வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதாக இராது.

விலை பேசும்போது 2025 செப்டம்பர் 22ஐயும் மறக்கக் கூடாது. அன்று முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கி, 1200 சி.சி. வரை பெட்ரோலோ 1500 சி.சி. வரை டீசலோ உள்ள புது வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28க்கு மேல் செஸ் வேறு. நெக்ஸான், வென்யூ போன்றவற்றின் புது விலையே இறங்கிவிட்டது. விற்கிறவர் தான் 2022ல் கொடுத்த விலையிலிருந்து கழித்துக்கொண்டு வருவார். நாம் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

"பேப்பர நான் போனப்புறம் அப்பா மெதுவா மாத்திக்கிருவாரு மாமா."

இதைத்தான் விடக் கூடாது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இதனால் அதிகம் பயப்பட வேண்டியவர் விற்றவர். வாங்கியவருக்கும் நிம்மதி கிடையாது. பாலிசி பழைய பெயரில் இருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய் பெயராது. பணம் கொடுக்கும் அன்றே படிவம் 29ல் இரண்டு பிரதி, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் பேங்க் கையெழுத்தோடு படிவம் 35ம் வேண்டும். கடன் அடைந்துவிட்டது என்று வாயால் சொல்வது கணக்கில் வராது, ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் நீங்கியிருக்க வேண்டும். விற்றவர் பதினான்கு நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு முப்பது நாள் அவகாசம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: விற்கிறவர் ஐந்து வருடம் க்ளெய்ம் போடாமல் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் சேர்த்து வைத்திருந்தாலும் அது அவருடையது, வண்டியோடு நமக்கு வராது. அத்தான் பெயருக்கு மாற்றும்போது அந்தத் தள்ளுபடியின் வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். விலை முடிப்பதற்கு முன்னாலேயே அந்தத் தொகையை ஏஜென்ட்டிடம் கேட்டு வைத்துக்கொள், மாப்ள.